ஓவர்டைம்: திறமையா, திறமைக் குறைவா?



டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாக உள்ளே போகும் முதல் மாதத்திலேயே இரண்டு பேச்சு உங்கள் காதில் விழும். "நல்ல பையன் சார், மணி பார்க்காம வேலை செய்வான்" என்பார் ஒருவர். "எட்டு மணி நேரத்துல முடிக்கத் தெரியாதவன்தானே ராத்திரி வரைக்கும் நிப்பான்?" என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியதாகவே இருக்கும்! மெக்கானிக்கல் படித்து, பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருப்பவன் என்ற முறையில் என் துறையை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வரம்பு கட்டியது. அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம். பின்னர் வந்த சட்டத் தொகுப்புகளிலும் இந்த இரட்டிப்பு உண்டு.

சரி, நேரம் கூடினால் உற்பத்தி கூடுமா? ஜெர்மனியில் யேனா நகரத்து ஸைஸ் ஆலையில் எர்ன்ஸ்ட் ஆபே 1900-இல் 9 மணி வேலையை 8 மணியாகக் குறைத்தார். பீஸ் ரேட்டில் வேலை பார்த்த 233 பேரின் கணக்கை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டார். மணிக்கணக்கில் உற்பத்தி சுமார் 16 சதவீதம் ஏறியிருந்தது. பேப்பரில் போட்டுப் பாருங்கள்: முன்பு 9 × 100 = 900. பிறகு 8 × 116 = 928.

அதற்காக ஓ.டி. பார்ப்பவனெல்லாம் வேலை தெரியாதவன் என்று எழுதிவிட வேண்டாம். எங்கள் ஷாப்பில் நேரம் போவது பெரும்பாலும் டை மாற்றுவதில்தான். ஒரு டைக்கு இருக்கும் போல்ட் சைஸ் அடுத்ததற்கு இராது. ஸ்பேனரைத் தேடணும். கிரேன் அடுத்த பேயில் மாட்டியிருக்கும். எல்லாம் கூடி வந்தால் ஷீட் வந்திருக்காது. மெஷின் நிற்கிற நேரம் முழுக்க ஆள் ஓடிக்கொண்டேயிருப்பான், சாயங்காலம் ஓ.டி.யும் அவன் கணக்கில்தான் ஏறும்.

டொயோட்டாவிலும் 1969-இல் 1000 டன் பிரஸ்ஸில் டை மாற்ற 4 மணி நேரம் ஆயிற்று. ஷிகியோ ஷிங்கோ அதை முதலில் 90 நிமிடமாக்கினார், அடுத்து 3 நிமிடமாக்கினார். ஆளை விரட்டி இதைச் சாதிக்கவில்லை. மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியது எது, நிறுத்தித்தான் செய்ய வேண்டியது எது என்று பிரித்தார். டை, போல்ட், பேக்கிங் எல்லாம் முன்கூட்டியே பக்கத்தில் வந்துவிட்டால் நிறுத்தும் நேரம் எவ்வளவு மிச்சம்!

இதை எங்கள் செட்டரிடம் ஆர்வமாக விளக்கினேன். இருபது வருஷ அனுபவம் உள்ளவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செய்யலாம் சார், ஒரு மணி நேரத்துக்குள்ள மாத்திக் காட்டறேன். ஆனா ஓ.டி. காசு நின்னுடுமே? பொண்ணு காலேஜ் பீஸ் அதுலதான் கட்டிக்கிட்டிருக்கேன்."

வேலை தெரிந்தவர் வேகம் காட்டினால் அவருக்கே நஷ்டம் என்பது என்ன கணக்கு, சொல்லுங்கள்! (எங்களைப் போன்ற ஸ்டாப்புக்கு ஓ.டி.யும் கிடையாது, பெரியவர் கிளம்பவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறவர்களும் உண்டு. அது வேறு கதை.)

"அண்ணே, நேரத்தைக் குறைச்சுக் காட்டுங்க, காசுக்கு நான் எழுதறேன்" என்றேன். மிச்சமாகும் ஓ.டி. தொகையில் பாதியை செட்டர்களுக்கு இன்சென்டிவாகத் தரலாம் என்று, டை வாரியாக நேரக் கணக்கும் சேர்த்து மேலே அனுப்பியிருக்கிறேன். பைல் இப்போது அக்கவுன்ட்ஸில் இருக்கிறது. செட்டர் தினமும் காலையில் "என்ன சார் ஆச்சு?" என்று கேட்கிறார்.