முதல் கிளையன்ட் எங்கே இருக்கிறார்?

சென்ற மாதம் ஒரு மாணவனை அழைத்துக்கொண்டு அவனுடைய அப்பா என் வீட்டுக்கு வந்தார். பையன் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு. அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்ததுமே அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"பக்கத்து வீட்டுப் பையன் வீட்ல இருந்துக்கிட்டே டாலர்ல சம்பாதிக்கிறான்மா. இவனையும் அதுக்குன்னு நடத்துற ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல சேத்துவிட்டேன். இருபத்தஞ்சாயிரம் கட்டியாச்சு. எட்டு மாசத்துல ஒரு வேலை வரல. என்னன்னு நீங்க கொஞ்சம் பாருங்க."

பையன் லேப்டாப்பைத் திறந்தான். பெரிய தளம் ஒன்றில் நாற்பத்து மூன்று வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. எல்லாக் கடிதமும் 'டியர் ஹயரிங் மேனேஜர்' என்றுதான் ஆரம்பித்தது. கோர்ஸில் கொடுத்த மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறான். மாதிரிப் படைப்புகள் என்று போட்டிருந்தவை எங்குமே இல்லாத காபிக் கடைகளுக்கும் ஜிம்களுக்கும் செய்த லோகோக்கள். காட்டிக்கொண்டே வந்தவன் ஒரு ஃபோல்டரை மட்டும் சட்டென்று மூடினான். திறக்கச் சொன்னேன். ஊர்த் திருவிழா பேனருக்கு அவன் கையால் எழுதிய எழுத்துகள். 'ழ'வின் கீழ் வளைவை இழுத்து, பக்கத்து எழுத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். பதினைந்து வருடமாகத் தமிழ் எழுத்துகளோடு பிழைக்கிறவள் நான். என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"இதை ஏன்ப்பா போடல?"

"அது தமிழ்ல இருக்குக்கா. வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாதுன்னு கோர்ஸ்ல எடுக்கச் சொல்லிட்டாங்க."

இந்த ஒரு பையனோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இரண்டு வருடத்தில் இப்படி ஏழெட்டுப் பேரைப் பார்த்துவிட்டேன். சொந்தமாகத் தொழில் செய்வோம் என்று துணிந்த பிள்ளைகளைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பிள்ளைகள் அங்கே மாதக்கணக்கில் நின்று, தங்களுக்குத் திறமையே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஃப்ரீலான்ஸ் வேலை வந்து சேரும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். முன்பு வேலை பார்த்த இடம், ஆசிரியர்கள், கூடப் படித்தவர்கள் என்று தெரிந்த வட்டத்தின் மூலம் வருவது உண்டு. ஊரிலுள்ள அச்சகம், கடை, பள்ளி என்று நேரில் போய்க் கேட்கலாம். பெரிய ஸ்டூடியோவுக்கு உள்வேலை செய்து கொடுக்கலாம். இன்ஸ்டாகிராம், பிஹான்ஸ், லிங்க்டுஇன் போன்றவற்றில் வேலையைக் காட்டி, வேண்டிய ஆளுக்கு நேரடியாக எழுதலாம். கடைசியாக, ஏலம் கேட்பதுபோல் வேலை கேட்கும் ஆன்லைன் தளங்கள். முதல் நான்குக்கும் யாரும் இருபத்தைந்தாயிரம் வாங்கிக்கொண்டு கோர்ஸ் நடத்துவதில்லை. ஐந்தாவதற்குத்தான் இத்தனை விளம்பரம். அதனால் அதை முதலில் பேசிவிடலாம்.

இந்தத் தளங்கள் நேற்று முளைத்தவை அல்ல. ஈலான்ஸ் 1990-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. 2003-ல் ஓடெஸ்க் வந்தது. இரண்டும் இணைந்து 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டன. ஃபைவர் 2010-ல், ஒரு வேலைக்கு ஐந்து டாலர் என்ற கணக்கில் தொடங்கியது. பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆரம்பத்திலேயே உள்ளே போனவர்களுக்கு இடம் கிடைத்தது. அவர்கள் இன்று கிளையன்ட்டுகள் எழுதிய நூற்றுக்கணக்கான நல்ல குறிப்புகளோடு முதல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று கல்லூரி முடித்த பிள்ளை, ஒரு குறிப்பும் இல்லாமல், அவர்களோடு அதே வரிசையில் போய் நிற்கிறது.

செலவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்வொர்க்கில் விண்ணப்பிப்பதற்கே 'கனெக்ட்' வேண்டும். விலைக்கு வாங்கினால் ஒன்று 15 சென்ட். ஒரு வேலைக்குப் பன்னிரண்டு கனெக்ட் என்று வைத்தால் 1.80 டாலர். முப்பது வேலைக்கு 54 டாலர். நம் காசில் 4,500 ரூபாய்க்கு மேல். வேலை கிடைக்காவிட்டாலும் போனது போனதுதான். கிடைத்தால் தளத்தின் பங்கு தனி. ஃபைவரில் அது 20 சதவீதம். நூறு டாலர் வேலைக்கு எண்பதுதான் உங்களுக்கு; புதிதாகச் சேர்ந்தவர்கள் அதையும் வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் எடுக்க முடியும்.

பணத்தைக்கூட ஒரு முதலீடு என்று விட்டுவிடலாம். எனக்குப் பெரிய வருத்தம் வேறு. வேலை கொடுக்கிறவரின் முகத்தைப் பார்க்காமலே தொழில் பழகுவதுதான் அது. அவர் எதைக் கண்டு நெற்றியைச் சுருக்குகிறார், எந்தப் பக்கத்தில் விரலை நிறுத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தொழில் படியும். ஒரு காலத்தில் நானும் ஒரு தளத்தில் நுழைந்தேன். வெளிநாட்டில் ஒருவர் தானே பதிப்பிக்கும் 240 பக்கப் புத்தகத்துக்கு லேஅவுட், 60 டாலர். பதினோரு முறை கரெக்‌ஷன் அனுப்பினார். ஒவ்வொரு முறையும் முந்தைய முறை சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்தால் பத்தே நிமிடத்தில் அவர் மனதில் இருப்பது என்னவென்று பிடித்திருப்பேன். கடைசியில் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். அதன்பின் ஏழு மாதம் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு அழைப்பும் இல்லை. அந்த ஏழு மாதத்தில் ஊரில் இருந்த இரண்டு அச்சகங்களைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதுதான் எனக்கு உண்மையான நஷ்டம்.

இந்தத் தளங்களில் தேடித் தோற்றவர்களைக் குறிவைத்து இன்னொரு கூட்டம் இருக்கிறது. டைப்பிங் வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்பார்கள். பிறகு பிழை அதிகம் என்று சொல்லி, வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அபராதம் கேட்பார்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 'உன் அக்கவுன்ட்டை வாடகைக்குக் கொடு' என்று கேட்பவர்களிடமும் சிக்காதீர்கள். அந்தப் பெயரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தளங்களால் நன்றாக வாழ்கிறவர்களும் உண்டு. நான் பார்த்தவரை அவர்கள் ஏற்கெனவே நான்கைந்து வருடம் எங்கோ வேலை பார்த்து, ஒரு குறிப்பிட்ட காரியத்தில் கை தேர்ந்தவர்கள். அந்தக் கட்டத்தில் நீங்களும் போகலாம்.

அதற்கு முன் எங்கே போவது? என் தொழிலில் இருந்தே சொல்கிறேன். ஆறு வருடம் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு டீடிபி சென்டரில் இருந்தேன். ஒருமுறை ஒரு பதிப்பகத்தின் பழைய புத்தகத்தைப் பேஜ்மேக்கரிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வேலை வந்தது. பழைய ஃபான்ட்டிலிருந்து மாறும்போது எழுத்துகள் ஏமாற்றும். 'மௌனம்' என்ற சொல்லில் ஔகாரக் குறியின் இடத்தில் 'ள' என்ற எழுத்தே வந்து உட்கார்ந்து 'மெளனம்' ஆகிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காது. 'ஔவை'யும் அப்படித்தான் 'ஒளவை' ஆகிவிடும். அந்தப் புத்தகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அப்படி இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஓர் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி, எந்தெந்தப் பக்கம் என்று தாளில் எழுதி வைத்துக் கொடுத்தேன். பதிப்பாளர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் மதுரைக்கு வந்து தனியாகத் தொழில் தொடங்கியதும் முதல் போன் அவரிடமிருந்துதான் வந்தது. ஒன்பது வருடமாக இன்னும் வருகிறது.

அதனால்தான் தனியாக இறங்குவதற்கு முன் இரண்டு வருடமாவது யாரிடமாவது வேலை பாருங்கள் என்கிறேன். சம்பளம் குறைவாக இருக்கும். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த பத்துப் பேரையாவது அந்த இடம் தரும்.

நேரில் போவதற்குக் காலம் பார்க்க வேண்டும். எந்தத் தொழிலுக்கும் ஒரு பருவம் இருக்கிறது. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977-லிருந்து நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். அதனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பதிப்பகங்களில் லேஅவுட் செய்யக் கை போதாது. பிப்ரவரியில் போய்க் கதவைத் தட்டினால் தூங்கி வழியும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். அந்த டிசைன்களுக்கு ஆள் தேடுவது அதற்குச் சில மாதங்கள் முன்னால். பள்ளிகளுக்கு அட்மிஷன் சமயம், ஜவுளிக்கடைகளுக்குத் தீபாவளி. போகும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஐந்து தாள் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். தாளைக் கையில் வாங்கியவர் அதைக் கீழே வைப்பதற்குள் நீங்கள் பேச வேண்டியதைப் பேசிவிடலாம்.

ஸ்டூடியோவுக்கு உள்வேலை செய்வதில் பெயர் வராது, பழக்கம் வரும். நேரடியாகக் கடிதம் எழுதுவதானால் அவருடைய வேலை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் நீங்கள் என்ன செய்ய முடியும் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

பணத்தில் மட்டும் கூச்சம் கூடாது. பாதி அட்வான்ஸ் வாங்காமல் கோப்பைத் திறக்காதீர்கள். ஒரு பதிப்பகம் எனக்கு மூன்று புத்தகத்துக்கான பணத்தை இரண்டு வருடம் இழுத்தடித்தது. அப்போது எனக்குச் சட்டம் தெரியாது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொடுத்து இலவசமாகவே பதிவு செய்துகொள்ளலாம். குறுந்தொழில் என்று பதிவு இருந்தால், 2006-ம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் உங்கள் பணம் வந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பத் தொடங்கிய பிறகு எனக்கு வர வேண்டிய பணம் ஒழுங்காக வருகிறது. டிடிஎஸ் பிடித்தால் பயப்பட வேண்டாம். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம். ஜிஎஸ்டி பதிவு, உள்ளூர்ச் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டிய பிறகு பேச வேண்டிய விஷயம்.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வருமானத்தைப் பார்க்கிற நேரத்தில் உங்கள் பிள்ளை எதைச் செய்யும்போது சாப்பாட்டை மறக்கிறது என்று பாருங்கள். ஆள் பேச்சில் கெட்டிக்காரன் என்றால் கடை கடையாகப் போகட்டும். பேசக் கூச்சப்படுகிற பிள்ளை ஸ்டூடியோவில் உட்கார்ந்து வேலை கற்கட்டும். எழுத்தில் மனசு உள்ளவன் எழுத்தையே பிடித்துக்கொள்ளட்டும். எந்த வழியானாலும் கையில் நாலு காசு நிலையாக வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருடம் வீட்டில் யாரும் 'இன்னும் ஒண்ணும் வரலியா' என்று கேட்காமல் இருப்பதே பிள்ளைக்கு நீங்கள் போடும் முதலீடு. விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்க்கிறவன் விவசாயி இல்லையே.

அந்தப் பையனிடம் லோகோக்களை எடுத்துவிட்டுத் திருவிழா எழுத்துகளைத் தாளில் பிரின்ட் எடுக்கச் சொன்னேன். சிவகாசியில் எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றின் முகவரியைக் கொடுத்தேன். போன வாரம் மதியம் போன் வந்தது. பின்னால் மெஷின் ஓடும் சத்தத்தில் அவன் குரல் பாதிதான் கேட்டது.

"அக்கா, பழநி முருகன் படத்துக்குக் கீழ தலைப்பு எழுதித் தரச் சொல்றாங்க. நாலு மாதிரி. எவ்வளவு கேக்கட்டும்?"

"யார் எழுதித் தரச் சொன்னது, ஓனரா?"

"ஓனர்தான்க்கா. பக்கத்துலதான் நிக்கிறாரு."

"அப்போ வெளியில வந்து பேசுப்பா" என்றேன்.