முதலில் தள்ளிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 22 வயது. வினாயகபுரத்திலிருந்து அக்கரைப்பற்றில் ஒரு கடைக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். இதுவரை அக்காவின் ஸ்கூட்டி மட்டும்தான் ஓடியிருக்கிறேன். கியர் பைக் வாங்கக் காசு சேர்த்துவிட்டேன். கூட்டாளிமார், “பல்சர் என்எஸ் 200 எடு, பிறகு மாத்தத் தேவையில்லை” என்கிறார்கள். அப்பா, “சிடி 100 போதும்” என்கிறார். என் உயரம் 5 அடி 4 அங்குலம். எதை எடுப்பது?
– வாசகர் ஒருவர், வினாயகபுரம்

பதில்: தம்பி, கூட்டாளிமார் வேகத்தைப் பார்க்கிறார்கள். அப்பா பெற்றோல் செலவைப் பார்க்கிறார். உங்கள் கால் தரையில் எப்படி ஊன்றுகிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் சொன்ன இரண்டுமே முன்னால் பிளாஸ்டிக் கவர் இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து ஓடுகிற ரகம். பழகுகிறவருக்கு இதுதான் தோது. கவர் என்பது காற்றைக் கிழிப்பதற்கு. நமது நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைக்குள் மோட்டார் சைக்கிளை விடுவதில்லை. ஊருக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் ஆகக்கூடிய வேகமே 70 கிலோமீற்றர்தான். அந்த வேகத்துக்குக் கவர் எதற்கு? பழகும்போது பைக் ஒருமுறையாவது சரியும். கவர் இல்லாத பைக்கில் கிளச் லீவரோ இன்டிகேட்டரோ உடைவதோடு போய்விடும்.

புதியவர் பெரும்பாலும் பைக்கை விழுத்துவது ஆள் நடக்கிற வேகத்தில்தான். அக்கரைப்பற்றுச் சந்தைப் பக்கம் முன்னால் போகிற ஆட்டோ சடுதியாகத் திரும்பும். பெற்றோல் செட் வரிசை அங்குலம் அங்குலமாக நகரும். வீதியோர மணலில் காலை ஊன்றுவீர்கள், கால் சறுக்கும். அந்த நேரத்தில் பாரமும் சீட்டின் உயரமும்தான் உங்களைக் காப்பாற்றும், அல்லது கவிழ்க்கும்.

என்எஸ் 200இன் சீட் 80 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரம். பாரம் சுமார் 150 கிலோ. உங்கள் உயரத்துக்குப் பெருவிரல்தான் ஊன்றும். அதன் 23 குதிரைவலு முழுதாக வருவது எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றைத் தாண்டிய பிறகு. சந்தை நெரிசலில் அந்தப் பலத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. சிடி 100 சொன்னபடி கேட்கும், ஆனால் சுமார் 8 குதிரைவலுதான். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை முந்த நினைத்தால் மூச்சு வாங்கும். அதில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக் வேறு.

ஆகவே என் தெரிவு நடுவில் இருக்கிறது: யமஹா எஃப்இசட், சுசுகி ஜிக்ஸர், பல்சர் 150. மூன்றுக்கும் முன் டிஸ்க் உண்டு. ஏபிஎஸ் உள்ள மொடல் அகப்பட்டால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுங்கள். 60இல் போகும் பைக் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். இரவில் தம்பிலுவில் தாண்டி வரும்போது நடுவீதியில் மாடு படுத்திருந்தால், கண்டு பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயும் நெல்லின் மேல் முன் பிரேக்கை இறுக்கினால், ஏபிஎஸ் இல்லாவிட்டால் ரயர் பூட்டிக்கொள்ளும்.

இந்த மூன்றில் எது உங்களுக்கு? எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு சோதியுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதத்தின் முன் பாதியும் நிலத்தில் பதிய வேண்டும். பிறகு இறங்கி, இரண்டு தென்னைகளுக்கிடையே எட்டுப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். கை நடுங்கினால் அந்த பைக் இப்போதைக்கு உங்களுடையதல்ல.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அதனால் பழைய பைக்குகள்கூட விலையேறிக் கிடந்தன. பழையது எடுப்பதாயின் பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கம் பைக்கில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, லீசிங் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். நம்முடையது கடற்கரை ஊர். தாங்கிக்கு அடியிலும் சைலன்சரின் கீழும் கை விட்டு உப்புக் காற்றின் துருவைத் தேடுங்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ‘ஏ’ வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஏ1’ 100 சிசி வரைக்கும்தான்.

சேர்த்த காசில் கொஞ்சத்தை முகம் மூடும் ஹெல்மட்டுக்கு ஒதுக்குங்கள். கவர் இல்லாத பைக்கில் கச்சான் காற்று மணலோடு நேரே முகத்தில்தான் அடிக்கும்.

வாங்கப் போகும் நாளில் கூட்டாளிமாரையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். விலை பேசுவது அவர்களாக இருக்கட்டும். பைக்கைத் தள்ளுவது நீங்களாக இருக்கட்டும்.