அம்பாங்கில் பிறந்த தலைநகரம்

கோலாலம்பூர் என்றதும் இரட்டைக் கோபுரமே பலரின் நினைவுக்கு வரும். அந்நகரம் பிறந்த கதையை அறிய விரும்புவோர், ஓய்வான ஒரு காலைப்பொழுதில் அம்பாங்கிலிருந்து இலகு இரயிலில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கலாம்.

அங்கு, 1909இல் கட்டப்பட்ட பள்ளிவாசலை ஒட்டிக் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகின்றன. ‘கோலாலம்பூர்’ என்பதற்குச் ‘சேறு நிறைந்த ஆற்றுச் சந்திப்பு’ என்பது பொருள். 1857இல், ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் படகில் இவ்விடத்தை அடைந்தனர். அதற்கு மேல் படகு செல்ல இயலவில்லை. ஆகவே, அவர்கள் காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்து சென்று ஈயம் தோண்டினர். மலேரியாக் காய்ச்சல் அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது. ஆயினும், புதியவர்கள் வந்தனர், தொழில் தொடர்ந்தது. அவர்களுக்குத் தேவையான பொருள்கள் வந்திறங்கிய ஆற்றங்கரையில் கடைகள் தோன்றின. கடைகள் பெருகி ஊராயின. அவ்வூரே 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகரமாயிற்று.

அருகிலுள்ள லெபோ அம்பாங் தெருவில் தமிழகத்துச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்தினர். ஈயச் சுரங்கங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் அவர்களின் கடனுதவி கைகொடுத்தது.

அன்று தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த தொலைவை இன்று இரயில் சில நிமிடங்களில் கடக்கிறது. நகரைக் காண வருவோர் ஆற்றங்கரையில் சற்று நின்று அவர்களை நினைவுகூர்வது தகும்.