கிளாரெண்டன் என்னும் தடித்த அச்செழுத்து

அகராதியை எவரும் முதற்பக்கத்திலிருந்து தொடர்ந்து படிப்பதில்லை. வேண்டிய சொல்லைத் தேடியே அதனைத் திறக்கின்றனர். அச்சொல்லைக் கண் விரைவில் கண்டுகொள்ளத் துணைபுரிவது தடித்த எழுத்து. ஆங்கில அச்சுக்கலையில் இப்பணிக்குப் பெயர்பெற்றது கிளாரெண்டன்.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எழுத்து வார்ப்பகங்கள், விளம்பரத் தாள்களுக்கெனப் பருத்த எழுத்துக்களை வார்த்தன. தொலைவில் நிற்போரை ஈர்ப்பதே அவற்றின் நோக்கம்; நூலின் சிறிய வரிகளிடையே அவை பொருந்தவில்லை. 1845ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த ஃபான் தெரு வார்ப்பகத்தின் ராபர்ட் பெஸ்லி கிளாரெண்டனை வெளியிட்டார். அதனைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அவ்வடிவம் பதிவு செய்யப்பெற்று, மூன்றாண்டுப் பாதுகாப்பு அடைந்தது. அக்காலம் கழிந்ததும் பிற வார்ப்பகங்கள் அதனைப் பின்பற்றின.

அமைப்பு

எழுத்துக் கோடுகளின் முனைகளில் காணப்படும் சிறு குறுக்குக்கோடு செரிஃப் எனப்படும். கிளாரெண்டனில் இது தடித்திருப்பதோடு, நெடுங்கோட்டுடன் வளைவாக இணைந்துள்ளது. விளம்பர எழுத்துக்கள் சிலவற்றில் பருத்த கோட்டை அடுத்து மயிரிழை போன்ற மெல்லிய கோடு வரும். சிறிய அளவில் அது எளிதில் சிதையும். கிளாரெண்டனில் இவ்வேறுபாடு குறைவு. எனவே சிறிய அளவிலும் அதன் உரு தெளிவாக நிற்கிறது.

பயன்

1884ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் தலைச்சொற்கள் இவ்வகை எழுத்தில் அமைந்தன. சுற்றிலும் மெல்லிய எழுத்து இருந்தமையாலேயே அவை தனித்துத் தோன்றின. பக்கம் முழுவதும் தடித்திருப்பின் எச்சொல்லும் தனித்துத் தோன்றாது. படிப்போரின் கண்ணும் விரைவில் களைத்துவிடும்.

நமது பணியில்

இவ்வுண்மை துண்டு வெளியீடுகளையும் சுவர்ப்படங்களையும் ஆயத்தம் செய்வோர்க்கு மிக வேண்டுவது. பூச்சிமருந்து பற்றிய அறிவிப்பில் மருந்தின் பெயர், பயன், கலக்கும் அளவு, எச்சரிக்கை ஆகிய யாவும் தடித்த எழுத்தில் அமையின், உயிரைக் காக்கவேண்டிய எச்சரிக்கை வரி மற்றவற்றுள் மறைந்துவிடும். தலைப்பையும், தவறவிடக்கூடாத ஓரிரு வரிகளையும் மட்டுமே தடிப்பாக்குதல் நன்று.

தமிழ் எழுத்தில் மற்றொரு கவனமும் தேவை. ண, ஞ, ஐ போன்ற எழுத்துக்களின் சுழிகளுக்குள் உள்ள வெளி மிகச் சிறியது. கோடு தடித்தால் அவ்வெளி சுருங்கும்; மை ஊறும் தாளில் முற்றிலும் அடைபட்டு, எழுத்தே மாறித் தோன்றவும் கூடும். ஆகவே தடித்த தமிழ் எழுத்தைச் சற்றுப் பெரிய அளவில் அமைத்தல் வேண்டும்.

பயிற்சி

ஆசிரியர்கள் ஒரே அறிவிப்பை இரு தாள்களில் எழுதுவிக்கலாம். ஒன்றில் எல்லா வரிகளும் தடித்திருக்கட்டும். மற்றொன்றில் எச்சரிக்கை வரி மட்டும் தடித்திருக்கட்டும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு மாணவர்க்குச் சில நொடிகள் காட்டி, நினைவில் நின்றது யாது என வினவுக. எவ்வரியைத் தடிப்பாக்குவது என்பதை அவர்களே தேர்ந்துகொள்வர்.