கோமாளி மீன் வளர்ப்பு

ஐந்தாம் நாளில் இறைவன் நீர்வாழ் உயிர்களைப் படைத்தார் என்று தொடக்க நூலில் படிக்கிறோம். அவற்றுள் மிக அழகானது எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் கோமாளி மீன் என்பேன். ஆரஞ்சு நிற உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் மையால் கோடிட்டது போன்ற கறுப்பு விளிம்பு. 2003-இல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ என்னும் கார்ட்டூன் படத்தைப் பார்த்த தோழியர் இதனை அறிவர். இதன் விலங்கியல் பெயர் ஆம்பிப்ரையான் ஓசெல்லாரிஸ். நமது மன்னார் வளைகுடாவில் இதன் உறவினமான செபே கோமாளி மீன் வாழ்கிறது. அது சற்றுக் கருநிறமானது. அதற்கு இரண்டு பட்டைகளும் மஞ்சள் வாலும் உண்டு.

கடலில் இம்மீன் கடற்சாமந்தியின் இழைகளுக்கு நடுவே குடியிருக்கும். அவ்விழைகள் மற்ற மீன்களைக் கொட்டிவிடும். கோமாளி மீனின் உடல்மேல் உள்ள வழுவழுப்பான கோழை அதனைக் காக்கிறது. அதனால் தொட்டியிலும் கடற்சாமந்தி இருந்தே ஆகவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தேவையில்லை. கடற்சாமந்திக்கு வலுவான விளக்கொளியும் பல மாதங்கள் பழகிய நீரும் வேண்டும். புதிய தொட்டியில் அது அழுகி மீனையும் கொன்றுவிடும். எங்கள் மீன்கள் சாய்த்து வைத்த ஒரு சிறு மண்சட்டியையே வீடாகக் கொண்டுள்ளன.

இக்கட்டுரையில் மீனைவிடத் தண்ணீரைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன். காரணம் உண்டு. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, அப்பா மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளும். அன்றே உப்புநீரை நிரப்பி, அன்று மாலையே இரண்டு மீன்களை விட்டோம். “ஒன்றும் ஆகாது” என்று கடைக்காரரும் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் அவை நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று எண்ணி நான் மேலும் இரை போட்டேன். நான்காம் நாள் காலையில் இரண்டும் இறந்து கிடந்தன. தண்ணீரோ கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

விடுமுறை முடிந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் கரும்பலகையில் நைட்ரஜன் சுழற்சியை வரைந்து காட்டினார். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலால், நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதன் கொடுமை அதிகம். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்ற வேறு பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு தீங்கற்றது. இந்த பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். எங்கள் தொட்டியில் அவை பெருகவே இல்லை. நான் போட்ட கூடுதல் இரை நஞ்சை இன்னும் மிகுதியாக்கியது.

இரண்டாம் முறை மீனில்லாமலே தொடங்கினோம். வெறும் தொட்டியில் ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, காற்றுக் குழாயையும் வடிகட்டியையும் இரவு பகலாக ஓடவிட்டோம். “வெறும் தண்ணீருக்கா இவ்வளவு கரண்டு?” என்று அம்மா நாள்தோறும் கேட்பார்கள். வாரம் இருமுறை சோதனைத் திரவத்தின் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முதலில் அம்மோனியா ஏறி இறங்கியது; பிறகு நைட்ரைட் ஏறி இறங்கியது. இரண்டும் அறவே இல்லை என்று காட்டியது 39-ஆம் நாளில்தான்.

இனி உப்பைப் பற்றி. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. மக்னீசியம், கால்சியம் முதலியன அதில் போதிய அளவு இரா. மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்பை, குளோரின் நீக்கிய நீரில் கரைக்கவேண்டும். எங்களுக்கு மாமா தம் படகில் சென்று, கரையிலிருந்து வெகுதூரத்தில் கேன்களில் முகந்து வந்து தருகிறார். கரையோர நீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும்.

இங்கேயும் ஒரு தவறு செய்தேன். தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் ஆவியாகிக் குறைந்தது. குறைந்ததைக் கடல்நீராலேயே நிரப்பி வந்தேன். நீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது என்று ஆறாம் வகுப்பிலேயே படித்தவள்தான்! நாளுக்கு 35 கிராம் வீதம் இருபது நாளில் 700 கிராம் உப்பு கூடிவிட்டது. 1.025 காட்டவேண்டிய ஹைட்ரோமீட்டர் 1.030-ஐத் தாண்டியிருந்தது. நல்லவேளையாக அப்போது தொட்டியில் மீன் இல்லை. ஆவியானதற்கு ஈடாக உப்பில்லாத நன்னீரையே ஊற்றவேண்டும். இப்போது கண்ணாடியில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி நீர்மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறோம்.

மீன் வாங்கும்போது, பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களை முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளனர். அத்தகைய குஞ்சுகள் தொட்டிக்கும் கையால் இடும் இரைக்கும் பழகியவை. பவளத் திட்டிலிருந்து ஒரு மீனைப் பிரித்தெடுக்கவும் வேண்டாம். அழகுக்காகப் பவளக் கல்லைக் கொண்டுவந்து போடுவதோ சட்டப்படி குற்றம்.

மீன் உள்ள பையைக் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறு குவளையால் சிறிது சிறிதாகப் பையில் ஊற்றிப் பழக்கவேண்டும். பொடியாக நறுக்கிய இறாலை நாளுக்கு இருமுறை, இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தரலாம். வாரந்தோறும் பத்து லிட்டர் நீரை மாற்றுகிறோம். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவக்கூடாது. குளோரின் பட்டால் பாக்டீரியாக்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசவேண்டும். கோடையில் நீர் 28 டிகிரிக்கு மேல் சூடேறினால், மேசை விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசவைத்தால் குளிரும். மின்சாரம் நின்ற ஓர் இரவு நானும் அம்மாவும் மாறி மாறி விடியும்வரை குவளையால் நீரை முகந்து ஊற்றினோம். அதன்பின் அம்மா கரண்டைப் பற்றிக் கேட்பதில்லை. பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கிவிட்டார்கள்.

கோமாளி மீன் பத்தாண்டுக்கு மேலும் வாழும். ஆகவே, நாம் விடுதிக்குப் படிக்கப் போனால் யார் பார்ப்பார் என்பதையும் யோசித்தே வாங்கவேண்டும். எங்கள் வீட்டில் தம்பி இப்போதே ஹைட்ரோமீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டான்.

இவற்றில் ஒரு விந்தை உண்டு. குஞ்சுகள் முதலில் பெண்ணாவதில்லை. ஓர் இணையில் பெரியது பெண்ணாக மாறும். சிறியது ஆணாகவே இருக்கும். பெண் இறந்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாகும். எங்கள் தொட்டியிலும் ஒன்று மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு வளர்ந்துவிட்டது. முட்டையிடும் இடத்தை இவை முன்கூட்டியே துப்புரவு செய்யும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். சென்ற வாரம் முதல் சிறிய மீன் மண்சட்டியின் உட்புறத்தை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது.