வேன் ஊருக்கு வெளியேதான் நிற்கும்

பௌர்ணமி கிரிவலத்துக்கோ கார்த்திகை தீபத்துக்கோ முதல்முறையாக வேன் பிடித்து வரப்போகிற பிள்ளைகளுக்கு, திருவண்ணாமலையிலேயே பிறந்து நரைத்துப்போன ஒருவன் சொல்வது. படுக்கையும் சமையல்மேடையும் உள்ளேயே இருக்கிற கேரவனில் வந்தாலும் கணக்கு இதுதான்.

1. வண்டி கோயில் பக்கம் வராது. தீபத்தன்று வேலூர், செங்கம், திண்டிவனம், திருக்கோவிலூர் என எந்தச் சாலையில் வந்தாலும் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து நடை, அதற்கு மேல் மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர். ஆகவே வீட்டிலேயே சாமானை இரண்டாகப் பிரியுங்கள்: வேனில் கிடக்க வேண்டியது, தோளில் வர வேண்டியது. இதைச் செய்யாதவர்கள்தான் சர்க்கரை மாத்திரையை வேனில் விட்டுவிட்டு ஜமுக்காளத்தைச் சுமந்துகொண்டு மலை சுற்றுகிறார்கள்.

2. தோள்பையில்: தண்ணீர் பாட்டில், துண்டு, டார்ச், அவரவர் மாத்திரை, இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கடலை மிட்டாய், கிரிவலப் பாதையிலுள்ள எட்டு லிங்கங்களிலும் தட்டில் போடச் சில்லறை. இவ்வளவு போதும். வண்டி நிற்கும் சாலையின் பெயர், வண்டி எண், ஓட்டுநரின் கைப்பேசி எண் மூன்றையும் காகிதத்தில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது; பேட்டரியும் நள்ளிரவுக்கு மேல் தாங்காது. பழத்தை வெளியே தெரிகிறமாதிரி தொங்கவிடாதீர்கள், குரங்கு இருக்கிறது.

3. சாப்பாட்டில்தான் எல்லோரும் அளவு தப்புகிறார்கள். பாதை நெடுக அன்னதானம் நடக்கும் ஊர் இது. மூன்று வேளைக்குக் கட்டிக்கொண்டு வந்தால், இரண்டு வேளைச் சோறு ஊசிப்போய்த்தான் ஊர் திரும்பும். வரும் வழிக்கு ஒரு வேளை, கிரிவலம் முடித்து உட்காரும்போது ஒரு வேளை, அவ்வளவே. ஒரு கிலோ அரிசிப் புளியோதரை எட்டுப் பேருக்குக் காணும். பதினைந்து பேர் வேனுக்கு இரண்டு கிலோ.

புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிற வரை கொதிக்கட்டும். சோற்றை உதிர் உதிராக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவையுங்கள். முழுக்க ஆறிய பிறகே கிளறித் தூக்கில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வேர்த்துச் சொட்டும். கெடுவது அந்த ஈரத்தால்தான். ஈரக்கரண்டியும் ஆகாது. தயிர்சாதத்துக்கு, குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு ஒரே ஒரு கரண்டி தயிர் சேருங்கள். சாப்பிடும் நேரத்துக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும். இட்லியை மிளகாய்ப்பொடி எண்ணெயில் புரட்டி, தணலில் வாட்டிய வாழையிலையில் மடியுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். தேங்காய்ச் சட்னி ஊரிலேயே இருக்கட்டும்.

4. தண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு குடிக்க, ஒன்று கைகால் கழுவ. ஒரு கேன் 20 கிலோ கனம். அதை மேலே கேரியரில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வளைவில் வண்டி சாயும். கனமானது எல்லாம் உள்ளே, தரையில், இருக்கைகளுக்கு அடியில். கேரியரில் பாய், தலையணை, துணிமூட்டை மட்டும்.

5. சிலிண்டர் வேண்டாம். "சின்ன சிலிண்டர்தானே தாத்தா, டீ மட்டும் போடுவோம்" என்பீர்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சிலிண்டரை வைத்து டீ போடப்போய்த்தான் தீப்பிடித்தது. 9 பேர் போய்விட்டார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, வண்டியின் தரையில் இருக்கைக்கடியில் தேங்கி நிற்கும். ஒரு தீக்குச்சி போதும். இந்த ஊரில் விடிய விடிய டீக்கடை திறந்திருக்கிறது, ஃபிளாஸ்க் கொண்டு வாருங்கள்.

6. கார்த்திகை மழை மாதம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த ஊர் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இறங்கி 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். அந்த டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. மலையேறுவதை நம்பிச் சாமான் கட்டாதீர்கள். ஒரு தார்ப்பாயும் நைலான் கயிறும் வண்டியில் கட்டாயம் இருக்கட்டும், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணியும்.

7. தையல் இலையோ வாழையிலையோ கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சாப்பிட்ட எச்சிலைக் கட்ட ஒரு பழைய கோணிப்பை.

8. ஓட்டுநர். அவருக்கும் சேர்த்துச் சோறு கட்டுகிறீர்கள், சரி. தூக்கம்? நீங்கள் மலை சுற்றித் திரும்புகிற நேரம்தான் அவருக்குக் கிடைக்கிற இரவு. அதனால் பின்இருக்கை மேல் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. அவருக்கென்று பாய், போர்வை, கொசுவர்த்தி தனியாகக் கட்டுங்கள். மாலை ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏறியதைப் பார்த்ததும் அவரைப் படுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்து எழுப்பாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பி வந்ததும் "கிளம்பலாமா அண்ணே" என்று கதவைத் தட்டுகிற பழக்கம் உங்களுக்கு வேண்டாம். தார்ப்பாயை விரித்து நீங்களும் படுங்கள். வெளிச்சம் வந்து, அவர் முகம் கழுவி டீ குடித்த பிறகு வண்டியை எடுக்கட்டும்.