காவல் நிரலும் புதிய பதிப்பும்

கேமரன் மலைத் தோட்டங்களில் புதிய தேயிலை நாற்றினை மலைமுழுதும் ஒரே நாளில் நடுவதில்லை. பால்மரத் தோட்டத்து அன்பர்களும் இம்முறையை நன்கறிவர். கணினியைக் கிருமி நிரல்களினின்று காக்கும் காவல் நிரலுக்கும் இது பொருந்தும்.

2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் காவல் நிரலுக்கு விடுத்த புதுப்பிப்பில் பிழை இருந்தது. காவல் நிரல் கணினியின் ஆணிவேரோடு இணைந்து இயங்குவது. அதன் பிழை கணினியையே வீழ்த்திவிடும். அப்புதுப்பிப்பு உலகெங்கும் ஒருசேரச் சென்றமையால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சிப்பாங் விமான நிலையத்தில் ஏர் ஏசியா ஊழியர்கள் பயணிகளைக் கையாலேயே பதிவு செய்ய நேர்ந்தது. பின்னர் அந்நிறுவனம் புதுப்பிப்புகளைச் சிறிது சிறிதாக விடலாயிற்று.

ஆயினும் புதுப்பியாதிருத்தல் தகாது. பழைய பதிப்பு புதிய கிருமிகளை அறியாது. புதிய பதிப்பை ஏற்றுமுன் பிள்ளைகளின் பாடங்களையும் சங்கக் கணக்குகளையும் வேறொரு சேமிப்புக் கருவியிற் படியெடுத்து, அக்கருவியைக் கணினியினின்று கழற்றி வைத்தல் வேண்டும்.